சுருளியம்மாளுக்கு அனுமதிக்கப்பட்ட நாற்காலி

“எனக்கு ஒரு நாற்காலி வேணும் சார்.”

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று சுருளியம்மாளிடம் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். வேலையில் சேர்ந்த அன்றே ஹெட் கிளார்க் ஏசுரத்தினம் சொன்னார். மறுநாள் ஆபீஸ் பியூன் சோலை சொன்னார். மூன்றாவதாக அவளைப் பெற்ற மாரித்தாய், கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னாள்: “லீவு கேளு, கம்பிளி கேளு, நான் செத்தா குழிவெட்ட நாலு ஆளு கேளு. நாற்காலி மட்டும் கேட்டிராத ஏட்டி.”

ஐந்து மாதம் கேட்காமல்தான் இருந்தாள். ஆறாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கேட்டுவிட்டாள்.

சூரியநெல்லிக்கு மேலே மலையேறினால் ஆல்டர்லி எஸ்டேட். அதன் ஆபீஸில் பியூனைத் தவிர பதினோரு பேர், பத்து நாற்காலி. பதினோராவது ஆள் சுருளியம்மாள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, மதுரையில் ஹாஸ்டல் சோறு தின்று, பி.ஏ. பட்டம் வாங்கிவந்த முதல் பிறவி. எஸ்டேட் பெருமைப்பட்டு ஒரு வேலை கொடுத்தது. டெம்பரரி ரிஜிஸ்டர் அசிஸ்டென்ட் என்று அந்த வேலைக்கு அவளைவிட நீளமான பெயர். சுவரில் ஒரு சாய்வுப் பலகை அடித்திருந்தார்கள். காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்துவரை அதன் முன்னால் நின்றபடி யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் வழுக்கி விழுந்தார் என்று எழுதவேண்டும். தபால் பையைக் கட்டி அனுப்புவதும் அவள்தான்.

நாற்காலி என்றால் மரச்சாமான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எஸ்டேட்டில் அது சாதி. உட்கார்ந்தவர் ஸ்டாப், நிற்பவர் தொழிலாளி. உட்கார்ந்தவர் முன்னால் கங்காணிகூடத் தோள்துண்டை இறக்கித்தான் நிற்பான். கொழுந்து பறிப்பவள் மகள் உட்கார்ந்துவிட்டால் கங்காணி அவள் முன்னாலும் நிற்கவேண்டி வரும். அப்புறம் மலை எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் போய் இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. போகும்போது நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். எண்ணிக்கை இன்னும் மாறவில்லை.

ஏசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். “கேக்கலை.”

“நாற்காலி வேணும்னேன் சார்.”

“என் காதுல விழுந்திருச்சும்மா. ஆபீஸ் கேக்கலைன்னு சொல்றேன். வாயால சொன்னா அது சத்தம். எழுதிக் குடுத்தாத்தான் அபேட்சை.”

எழுதிக் கொடுத்தாள். கால் வீங்குகிறது என்றும், மாலையில் கை நடுங்கி எழுத்து கோணுகிறது என்றும், மாதத்தில் மூன்று நாள் நின்றே வேலை பார்ப்பது ஒரு பெண்ணுக்கு முடியாத காரியம் என்றும் எழுதினாள். மூன்றாவது காரணத்துக்கு வந்ததும் ஏசுரத்தினம் தாளைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் கண்ணாடிக் குண்டைத் தூக்கிவைத்தார்.

“கல்யாணமாகாத பொண்ணு எழுதுற விசயமா இது?”

“நாலு நாள் நின்னு பாருங்க சார். ஆம்பளைக்கும் எழுதத் தோணும்.”

அபேட்சை எஸ்டேட் மேனேஜரான பெரிய தொரையின் மேசைக்குப் போனது. அது அங்கே தானாகச் செத்திருக்கும், அந்த வாரம் படம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

மாதம் ஒருமுறை பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆளெண்ணும் மைதானத்தில், வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார்கள். அந்த மாதம் பயிற்சிப் படம். தேயிலையில் வரும் கொப்புளநோயை விரட்டுவது எப்படி என்று கொச்சியிலிருந்து ஒரு படம் வரவழைக்க ஏசுரத்தினம் கடிதம் போட்டிருந்தார். பெட்டி வந்தது. உள்ளே இருந்ததோ சீனாக்காரர்கள் எகிறி எகிறி உதைத்துக்கொள்ளும் ஒரு சண்டைப்படம்.

“பெட்டி மாறிப்போச்சுய்யா,” என்றார் சோலை. புரொஜெக்டர் ஓட்டுவதும் அவர்தான்.

“மாறலை.”

“ஐயா, மூடியில சீனாக்காரன் ஒருத்தன் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். கொப்புளத்துக்கும் இவனுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“பயிற்சிப் படம் சரியாக வந்து சேர்ந்ததுன்னு நான் கையெழுத்துப் போட்டாச்சு. என் கையெழுத்துக்குக் கீழ தப்பு வராது. இது பயிற்சிப் படம்.”

ஒருவகையில் அவர் சொன்னது உண்மைதான். படம் முழுக்கப் பயிற்சிதான்.

படம் இங்கிலீஷில் பேசியது. மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல ஆள் வேண்டும். இங்கிலீஷும் தெரிந்து, நின்றுகொண்டே இருக்கவும் கூடிய ஆள் எஸ்டேட்டில் ஒருத்திதான். சுருளியம்மாள் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் பெரிய தொரை, அவர் காலடியில் நாய், அதற்கும் உட்கார ஒரு சாக்கு.

“இவன் அண்ணனை வரி வசூல் பண்றவன் கொன்னுட்டான். சண்டை கத்துக்க மலைக்கு வந்திருக்கான். வெள்ளைத்தாடிச் சாமியார் அவனை நிக்கச் சொல்றாரு. முட்டியை மடக்கி, கையை நீட்டி, தலையில தண்ணிக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு நிக்கணும்.”

“எவ்வளவு நேரம் தாயி?” என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“மூணு வருசம்.”

“அட, நம்ம எஸ்டேட்டுதான்!”

களம் சிரித்தது. தொரை சிரிக்கவில்லை. அவர் முன்னால் குனிந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார், தாவோ என்று ஒரு வழியைப் பற்றிச் சொன்னார். எதிர்க்காமல் இரு, தண்ணீர்போல் தாழ்ந்து போ, செய்யாமலே செய், காலியாக இருப்பதுதான் பயன்படும் என்றார். சுருளியம்மாள் தமிழில் சொல்வதற்கு முன்பே தொரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். படத்தில் மொத்தம் பதினேழு சண்டை. கடைசிச் சண்டையில் சீடன் வரிக்காரனைத் தூக்கி அவன் வீட்டுக் கதவிலேயே அடித்தான். லயத்துச் சனம் விசில் பறக்க எழுந்து நின்றது. தொரை அதற்குள் பங்களாவுக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குள் வந்தபோது முகத்தில் ஒரு ஒளி இருந்தது. தொரைக்குத் தமிழில் கட்டளை மட்டும்தான் தெரியும். அதனால் தத்துவத்தையும் கட்டளையாகவே சொன்னார்.

“நில்லு! நல்லா நில்லு! தண்ணி மாதிரி இரு! கீழே போ! சும்மா இரு!”

பத்து நாற்காலிக்காரர்களும் எழுந்து நின்று கேட்டார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் ஏசுரத்தினம் சுற்றறிக்கை தயாரித்துவிட்டார். தினமும் ஆளெண்ணும் நேரத்தில் எல்லாத் தொழிலாளிகளும் ஐந்து நிமிஷம், படத்தில் பார்த்தபடி முட்டி மடக்கி, குதிரை நிலையில் நிற்கவேண்டும். கிண்ணத்துக்குப் பதில் தலையில் கொழுந்துக் கூடை. ஸ்டாப் ஏற்கெனவே பக்குவம் அடைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு விலக்கு. அபேட்சைகள் இனிமேல் செயலின்மை முறையில் கவனிக்கப்படும். இதற்கு முன்னும் அபேட்சைகளை யாரும் கவனித்ததில்லை. அப்போது அது சோம்பல். இப்போது அது ஞானம். வித்தியாசம் ஆபீஸ்காரர்களின் முகத்தில் தெரிந்தது.

சுற்றறிக்கையைப் பெரட்டுக்களத்தில் வாசித்த அன்று ஏசுரத்தினம் தாமாக நாலு வார்த்தை பேசினார்.

“தண்ணி என்னைக்காவது ஸ்டிரைக் பண்ணியிருக்கா? மேலேயிருந்து கீழே வருது. கீழேயிருந்து மேலே போகணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கா? என்னையே எடுத்துக்கங்க. முப்பத்தோரு வருசமா இந்த ஆபீஸ்ல ஒண்ணும் செய்யாமத்தான் இருக்கேன். சோம்பேறிப் பொழப்பாப் போச்சேன்னு சில நாளு மனசு உறுத்தும். அதுக்குப் பேரு தாவோன்னு இப்பத்தான் தெரியுது. கர்த்தர் கிருபையால உறுத்தல் நின்னுபோச்சு.”

முன்னூறு பேர் முட்டியை மடக்கி, தலையில் கூடையோடு நின்றார்கள். அந்த வருஷம் நாடு முழுவதும் பேச்சைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். யூனியன்காரர்கள் சிலர் ஜெயிலுக்கு உள்ளே இருந்தார்கள், வெளியே இருந்தவர்கள் தொண்டை சரியில்லை என்றார்கள். ஆக, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சுருளியம்மாள் கேட்டாள். “சார், அந்தப் பையன் மூணு வருசம் நின்னது வரிக்காரனை அடிக்கத்தானே?”

“அது கதைம்மா. நிக்கிறதுதான் கருத்து.”

மூன்றாவது வாரம் அவளுடைய அபேட்சை திரும்பி வந்தது. ஓரத்தில் தொரையின் பச்சை மையில் இங்கிலீஷில் ஒரே வரி: நாற்காலி அனுமதிக்கப்படுகிறது, காலியாக.

எஸ்டேட் ஆசாரி சில்வர் ஓக் மரத்தில் நாற்காலி செய்தான். இழைத்து, வார்னிஷ் அடித்து, முதுகுப்பலகையில் வெள்ளைப் பெயின்டால் ‘சுருளியம்மாள், பி.ஏ.’ என்று எழுதினான். சாய்வுப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு, அதன் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். யாரும் அதில் உட்காரக் கூடாது. சுருளியம்மாளும் கூடாது. தினமும் காலையில் அதைத் துடைத்துவைப்பது அவள் பொறுப்பு.

“நாற்காலி எப்ப பயன்படும்? காலியா இருக்கிறப்பத்தான்,” என்று ஏசுரத்தினம் தம் நாற்காலியில் சாய்ந்தபடி விளக்கினார். “ஒருத்தர் உக்காந்துட்டா வேற யாரும் உக்கார முடியாது, சரிதானா? ஆக, உக்காந்த நாற்காலி வீணாப்போன நாற்காலி.”

“அப்ப நீங்க உக்காந்திருக்கிறது?”

“இது தத்துவம் வர்றதுக்கு முந்தி வாங்கினதும்மா.”

பக்கத்து எஸ்டேட் கிளார்க்குகள் அதைப் பார்க்க வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் சோலை அதற்குச் சந்தனம் வைத்தார். “நான் வைக்கலேன்னா வேற எவனாவது வைப்பான் தாயி, அப்புறம் அவன் பூசாரி ஆயிருவான்,” என்றார். சுருளியம்மாள் அதன் பக்கத்தில் நின்று எழுதினாள். எழுதும்போது நாற்காலியின் கை அவள் இடுப்பில் உரசும். உட்கார முடியாத நாற்காலி பக்கத்தில் இருப்பதைவிட, இல்லாத நாற்காலி காலுக்கு எவ்வளவோ இதம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சம்பள நாளன்று மாரித்தாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஒம் பேரெல்லாம் போட்டிருக்கு.”

“உக்காரத்தான் கூடாது.”

“இருக்கட்டுமே ஏட்டி. இந்த மலையில எனக்கு எதுல பேரு போட்டான்? கூடையிலகூட நம்பர்தான்.”

அம்மா பெருமையோடு போனாள். அதுதான் சுருளியம்மாளை அன்று முழுக்கக் கொதிக்கவைத்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் அம்மா அவள் பக்கம் நின்றிருப்பாள். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டில் அம்மாவையே வாங்கிவிட்டார்களே!

கொச்சி ஹெட் ஆபீஸிலிருந்து டைரக்டர் ஒருவர் இந்த அதிசயத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. களத்தில் நிற்கும் ஐந்து நிமிஷம் பதினைந்தாயிற்று. பதினைந்து அரைமணி ஆயிற்று. கால் ஆடியவர்களின் பெயரைக் கங்காணி குறித்துக் கொடுத்தான். டைரக்டர் வரும் நாள் காலை ஏழு மணிக்கு ஒத்திகை. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் நின்ற பிலோமிக்கு ஆறு மாசம். இருபதாவது நிமிஷம் அவள் கூடையோடு முன்பக்கமாகச் சாய்ந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் கை நீட்டினார்கள். “அசையாதே!” என்று கங்காணி கத்தினான். நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

ஒருத்தி மட்டும் அசைந்தாள். மாரித்தாய் கூடையை வீசிவிட்டுப் போய், பிலோமியைத் தன் மடியில் தூக்கிப் போட்டாள். சேலையில் ரத்தம். டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது, மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் சாக்கு விரித்துக் கொண்டுபோனார்கள்.

ஏசுரத்தினம் ஆபீஸுக்குள் வேகமாக வந்தார். “விபத்துப் புஸ்தகத்தை எடும்மா. நான் சொல்றதை எழுது. ‘பிலோமி என்ற தொழிலாளி பயிற்சியின்போது ஆழ்ந்த அசைவின்மை நிலையை அடைந்தார்.’ கடைசியில ஒரு வரி சேத்துக்க: ‘எஸ்டேட் அவரைப் பாராட்டுகிறது.’”

“ரத்தத்தை எந்த வரியில எழுத சார்?”

“அது ஆஸ்பத்திரி விசயம். நம்ம விசயம் நிலை.”

டைரக்டருக்குப் பூமாலை வந்ததா என்று பார்க்க அவர் வெளியே ஓடினார். எல்லாவற்றையும் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருந்த சுருளியம்மாள் பேனாவைத் திறந்தாள். பிலோமி, ஆறு மாதக் கர்ப்பிணி, மழையில் இருபது நிமிஷம் முட்டி மடக்கி நிற்கவைக்கப்பட்டதால் மயங்கி விழுந்தாள், ரத்தப்போக்கு, நேரம் ஏழு இருபது என்று எழுதினாள். தொடக் கூடாது என்று தடுத்த கங்காணியின் பெயரையும், நிற்கச் சொன்ன சுற்றறிக்கையின் நம்பரையும் எழுதினாள். அடியில் சாட்சி என்று ஓர் இடம் இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மாரித்தாய் நின்றாள். சேலை முந்தானை முழுக்க ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“என்னன்னு?”

வாசித்துக் காட்டினாள். மாரித்தாய் அந்த நாற்காலியைப் பார்க்கவே இல்லை. “கைநாட்டு எங்கடி வைக்கணும்?”

“யோசிச்சுக்கம்மா. லயத்து வீடு கம்பெனியோடது.”

“அவ புருசன் கேக்கையில நான் என்னத்தச் சொல்லுவேன்? அசையாம நின்னோம்னா? மையை எடு.”

விபத்துப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று தாள். வெள்ளை எஸ்டேட்டுக்கு, மஞ்சள் டாக்டருக்கு, ரோஸ் மூணாறு லேபர் ஆபீஸுக்கு. ரோஸ் தாளை அன்றன்றே அனுப்பவேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. புத்தகம் பருமனாக இருந்ததற்குக் காரணம், பதினோரு வருஷத்து ரோஸ் தாள்களும் அதிலேயே இருந்தன. சுருளியம்மாள் இன்றைய தாளைக் கிழித்து, உறையில் போட்டு, பசை தடவி, பைக்குள் வைத்தாள். பை வாயைக் கட்டி அரக்கு வைத்தாள். பத்து மணிக்குத் தபால் ஜீப் வந்தது, எடுத்துக்கொண்டு போனது.

டைரக்டர் பதினோரு மணிக்கு வந்தார். கயிறு கட்டிய நாற்காலியை மூன்று பக்கமிருந்தும் பார்த்தார், பிரமாதம் என்றார். அப்புறம் பிலோமி விஷயம் அவர் காதுக்கு வந்தது. கதவை மூடச் சொன்னார். ஏசுரத்தினம் விபத்துப் புத்தகத்தைத் திறந்து வெள்ளைத் தாளைப் படித்தார். புத்தகத்தை டைரக்டர் பக்கம் தள்ளினார்.

“இவ என்ன எழுதியிருக்கான்னு பாருங்க சார். நான் சொன்ன நிலை எங்க? பாராட்டு எங்க?”

டைரக்டர் படித்தார். கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

“மோளே,” என்றார் மலையாளம் கலந்த தமிழில், “நீ படிச்ச குட்டி. உனக்குத் தெரியும், ஒரு கம்பெனின்னா ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் மயங்கி விழுவாங்க, நாம ரிஜிஸ்டர்லயா எழுதுவோம்? ஒரு வரி மாத்தி எழுது. கயிறை இப்பவே அவிழ்க்கச் சொல்றேன். நீ ஸ்டாப். இந்த மலையில லயத்துலயிருந்து வந்து உக்கார்ற முதல் பொண்ணு நீதான். போட்டோ எடுக்கலாம். மத்த எஸ்டேட்டுக்கெல்லாம் அனுப்பலாம்.”

சோலை கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தார். கயிறு இரண்டு பக்கமும் தொங்கியது.

அவளுடைய கால்கள் அந்த நாற்காலியைக் கேட்டன. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஏழு மாதத்துக்கு மேல் ஏழரையிலிருந்து ஐந்துவரை நின்ற கால்கள். குதிகாலில் வெடிப்பு, கணுக்காலில் வீக்கம். உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவை அவளைவிட நன்றாக அறிந்திருந்தன.

“ரோஸ் தாள் பத்து மணித் தபால்ல போயிருச்சு சார்,” என்றாள்.

ஏசுரத்தினம் புத்தகத்தைப் புரட்டினார். பல் பல்லாகக் கிழிந்த ஓரம் மட்டும் இருந்தது. “ஐயோ! பதினோரு வருசமா அந்தத் தாள் இந்த ஆபீஸைத் தாண்டினது கெடையாதே! எத்தனை பேரு விழுந்தாங்க, எத்தனை பேருக்கு விரல் போச்சு, ஒரு தாள், ஒரே ஒரு தாள் போனதில்லையே சார்!”

“ஏசுரத்தினம், வாயை மூடும்,” என்றார் டைரக்டர்.

பெரிய தொரை ஜன்னலுக்கு ஓடி, ஜீப் போன திசையைப் பார்த்துக் கத்தினார்: “நில்லு! திரும்பு! இங்க வா!”

ஜீப் ஒரு மணி நேரத்துக்கு முன்பே சின்னக்கானலைத் தாண்டியிருக்கும்.

டைரக்டரின் குரல் இறங்கியது. “உன் அம்மை இங்கதானே வேலை பாக்குறா? லயத்துலதானே வீடு?”

“ஆமா சார். சாட்சிக் கைநாட்டு அவளோடதுதான். பாக்கலையா?”

டைரக்டர் புத்தகத்தை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். நீல மையில், ரேகை தெளிவாக, ஒரு பெருவிரல்.

சுருளியம்மாள் ரிஜிஸ்டர் அலமாரிச் சாவியைச் சாய்வுப் பலகையில் வைத்தாள். அது சரிந்து கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கம்மா போற?” ஏசுரத்தினத்தின் குரலில் இப்போது கெஞ்சல். “அதான் தாள் போயிருச்சே. இனி உனக்கென்ன வேலை?”

“தாள் மட்டும் போனா நீங்க லேபர் ஆபீஸுக்கும் வந்து அசைவின்மைன்னு சொல்லுவீங்க. அது பொய்யின்னு சொல்ல ஆள் வேணுமில்ல சார்.”

கதவைத் திறந்தாள். படியிறங்கும்போது மணி பதினொன்றரை. மூணாறு பஸ் சூரியநெல்லிக்குப் பன்னிரண்டே காலுக்கு வரும். வேகமாக நடந்தாள்.